எழுதுகிறவர்களும் ஏஐயும்: வடாற்காட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகள்

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். 22 வருடம் அச்சகத்தில் டிடிபியும் மெய்ப்பும் பார்த்தவள், நடுநடுவே கதை எழுதுகிறவள். மாதத்தில் ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கூடி, படித்ததையும் எழுதியதையும் பேசுவோம். கொஞ்ச காலமாக எந்தப் பேச்சை எடுத்தாலும் அது செயற்கை நுண்ணறிவில் போய்த்தான் நிற்கிறது. ஒரே கேள்விக்கு ஒன்பது பேருக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு, ஆரணி, வாணியம்பாடிக்காரர்கள். பழைய மாவட்டம் இன்று நாலாகப் பிரிந்து கிடந்தாலும் எங்கள் வாயில் இன்னும் வடாற்காடுதான்.

அக்கா, அது நிஜமாவே யோசிக்குதா, இல்ல எங்கிருந்தாவது சுட்டுப் போடுதா?

ஏதோ ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைக் காட்டி, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட அதைப் பழக்கியிருக்கிறார்கள். 'வேலூர்க் கோட்டை' என்று நீங்கள் ஆரம்பித்தால் அடுத்து 'அகழி' வரலாம், 'சிப்பாய்' வரலாம். அதில் ஒன்றைப் போட்டு, அதற்கு அடுத்ததைத் தேடி, இப்படியே போகும். இதற்கு அடிப்படையான கணித அமைப்பு 2017இல் வந்தது. 2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியான பிறகுதான் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

இதை யோசனை என்று சொல்லலாமா என்பதைப் பெரிய படிப்பு படித்தவர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். எழுதுகிறவருக்கு ஒன்று தெரிந்தால் போதும்: அதிகம் பேர் சொன்னது எதுவோ அதன் பக்கம்தான் அது சாயும். கதைக்காரருக்கு வேண்டியதோ யாரும் சொல்லாதது.

தமிழில் கேட்டால் ஏன் மொழிபெயர்த்த மாதிரியே பேசுகிறது?

அது படித்ததில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ் அதில் ஒரு கைப்பிடி. இது எல்லாரும் சொல்லும் காரணம். அச்சகக்காரிக்குப் பிடித்த காரணம் இன்னொன்று இருக்கிறது.

இந்தக் கருவி எழுத்தை எழுத்தாகப் படிப்பதில்லை, துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும். கணினிக்குள் 'கோட்டை' என்ற சொல் ஆறு குறிகளாக இருக்கிறது: க, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு), ஆக மொத்தம் 18. ஆங்கிலத்தில் கோட்டைக்கு (fort) நாலு பைட் போதும். ஆரம்பத்தில் வந்த கருவிகள் ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கும் மாட்டின. அதனால் நம் சொற்கள் பொடிப்பொடியாகச் சிதறின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புது மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனம் ஒரு கணக்குக் காட்டியது. ஒரே மாதிரிப் பத்தி முன்பு தமிழில் 116 துண்டாக இருந்தது, 35 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் அது 27லிருந்து 24. இப்போது வரும் தமிழ் முன்னைவிடச் சீராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பாமினி. எங்கள் அச்சகத்தில் 2010 வரைக்கும் அடித்த விழா மலர், சிறுகதைத் தொகுப்பு, கோயில் வரலாறு எல்லாம் பாமினியிலும் அதன் பங்காளி எழுத்துருக்களிலும்தான். திரையில் தமிழாகத் தெரியும். எழுத்துருவைக் கழற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி இணையத்தில் ஏற்றாத வரை எந்த இயந்திரத்துக்கும் அது குப்பை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி எத்தனையோ பழைய நூல்களை மின்வடிவில் ஏற்றியிருக்கிறது. சங்க இலக்கியம் பற்றி இந்தக் கருவிகள் ஓரளவு பேசுவதற்கு அப்படிப்பட்ட கைவேலைகள்தான் தீனி. 1990களில் குடியாத்தத்தில் அச்சான ஒரு கவிதைப் புத்தகம் அதற்கு எப்படித் தெரியும்? அந்தக் கோப்பு இன்னும் என் பீரோவில் சிடியாகக் கிடக்கிறது.

எங்க ஊர்ப் பேச்சை எழுதுமா? கதையில் உரையாடல் எழுத வைக்கலாமா?

வைத்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. 'வேலூர்ப் பக்கத்துக் கிராமம், விவசாயி, அவர் பேச்சுவழக்கில் எழுது' என்று நான் கேட்டேன். வந்தவர் கொஞ்சம் மதுரை, கொஞ்சம் கோயம்புத்தூர், நடுவில் சென்னை ஆட்டோக்காரர். ஏரிக்கரையில் நிற்க வேண்டியவரைக் கண்மாய்க் கரையில் நிறுத்தியிருந்தது. கண்மாய் என்று சொல்கிறவர்கள் தெற்கே இருக்கிறார்கள். நமக்கு ஏரி, ஏரி, ஏரிதான்.

இதை லேசாக விட முடியவில்லை, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். நாம் நெல் நடும் நிலம் கழனி. பேச்சில் ழகரம் யகரமாகி 'கயினி' என்று வரும். அது எழுதித் தருவது எப்போதும் வயல். நாம் மல்லாட்டை பிடுங்குவோம், அது நிலக்கடலை அறுவடை செய்யும். மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். அதற்குக் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறம், தஞ்சாவூர்க்காரர்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கும் போலிருக்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய வீடுகளில் அப்பாவை நைனா என்பார்கள். அது நைனாவைப் பார்த்தால் சினிமா ரவுடி என்று நினைத்துக்கொண்டு வசனத்தையே மாற்றிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. மோட்டார் வருவதற்கு முன்னால் மாடு கட்டித் தண்ணீர் இறைத்தோமே, அதை எங்கள் பக்கம் கவலை என்பார்கள், தெற்கே கமலை. என் கதையில் 'தாத்தா விடியக்காலம் எழுந்து கவலை ஓட்டினார்' என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னேன். தாத்தா அதிகாலையில் எழுந்து தன் மனக்கவலைகளை விரட்டினார் என்று பெயர்த்தது. தாத்தா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், அப்படி விரட்ட முடிந்திருந்தால்.

குரல்வழித் தட்டச்சிலும் இதே கதைதான். என் போனில் 'கயினி' என்று சொன்னால் 'கணினி' என்று விழுகிறது. கணினியில் நாற்று நட்டார்கள் என்று ஒரு பத்தியே வந்தது.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். பட்டியல் போட்டு, 'எங்கள் ஊரில் இதற்கு இது பேர்' என்று முதலிலேயே கொடுத்தால் அது கேட்டுக்கொள்ளும். இருபது சொல் கொடுத்தால் இருபதையும் சரியாகப் போடும். இருபத்தொன்றாவது சொல்லில் மறுபடியும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிடும்.

நான் 1806 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். அது தரும் வரலாற்றை நம்பலாமா?

முதுகெலும்பை நம்பலாம், சதையை நம்பாதீர்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கலகம் வெடித்தது, தோல் பதித்த புதுத் தலைப்பாகையும் தாடி, நெற்றிக்குறி பற்றிய உத்தரவும் காரணம், முந்தின நாள் திப்புவின் மகளுக்குக் கோட்டைக்குள் கல்யாணம், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அடக்கினார் என்பதெல்லாம் அது சரியாகவே சொல்கிறது. எத்தனையோ இடங்களில் எழுதப்பட்ட விஷயம், தப்பாகச் சொல்வது கடினம். 'அன்று கோட்டைக்குள் இருந்த ஒரு சிப்பாயின் மனைவி எழுதிய கடிதம் ஏதாவது உண்டா' என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு கடிதம் கொடுத்தது. தேதி இருந்தது, பெயர் இருந்தது, எந்த ஆவணக் காப்பகத்தில் எந்தக் கட்டு என்பதுகூட இருந்தது. இரண்டு வாரம் தேடினேன். அப்படி ஒன்று எங்கேயும் அகப்படவில்லை. திரும்பப் போய்க் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு கடிதம் கொடுத்தது.

இதில் ஏமாந்தவர்கள் பட்டியலில் பெரிய இடங்களே உண்டு. 2023இல் நியூயார்க்கில் வக்கீல்கள், ஏஐ கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் கோடைக்கால வாசிப்புக்கு ஏஐயை வைத்துத் தயாரித்த, 15 புத்தகங்கள் கொண்ட பட்டியல் வந்தது. அதில் 10 புத்தகம் உலகத்திலேயே இல்லை. எழுதியவர்களாகப் போட்ட பெயர்கள் எல்லாம் நிஜ எழுத்தாளர்கள். யோசித்துப் பாருங்கள், நீங்கள் எழுதாத நாவலுக்கு ஒருவர் உங்களைப் பாராட்டினால் எப்படி இருக்கும்!

பழசைப் புதுசென்று சொல்வதும் உண்டு. வேலூரைப் பற்றிய சொலவடை தெரியும்தானே: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தது உண்மை. அது எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981இல் திரும்பப் போய்விட்டது. நான் கேட்டபோது ஒரு கருவி இன்றைக்கும் கோயிலில் பூஜை கிடையாது என்று அடித்துச் சொன்னது. சொலவடை இணையத்தில் அத்தனை முறை இருக்கிறது. தினமும் அங்கே நிற்கும் கூட்டம் அவ்வளவு முறை எழுதப்படவில்லை.

அப்படியானால் பயனே இல்லையா? நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?

இருக்கிறது. இல்லையென்றால் நான் ஏன் மாதக் கடைசியில் அதற்குப் பணம் கட்டுகிறேன்.

ஆங்கில ஆவணம் படிப்பதற்கு. காக்ஸ் தொகுத்த வடாற்காடு மாவட்ட மானுவல், அதாவது மாவட்டக் கையேடு, 1881இல் வந்தது. அந்தக் கால ஆங்கிலம், பொடி எழுத்து, நூற்றுக்கணக்கான பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அதில் நீந்த எனக்குத் தெம்பில்லை. பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்து, ஏரிப் பாசனம் பற்றி இதில் என்ன இருக்கிறது, எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பேன். வரியைக் காட்டும், நான் போய்ப் படித்துச் சரிபார்ப்பேன். ஒரு வருடத்து வேலை ஒரு மாதத்தில் முடிந்தது. இதற்கு முன்னால் இந்த வசதி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இருந்தது, என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. இந்த ஒரு பயனுக்காகவே மற்ற வம்புகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சில நாள் தோன்றும்.

நாவலில் கணக்குப் பார்ப்பதற்கு. மூன்றாம் அத்தியாயத்தில் ஏழு வயதாக இருந்த பெண் எட்டாம் அத்தியாயத்தில் எப்படிப் பதினொன்றானாள், நடுவில் இரண்டு பொங்கல்தானே வந்தது என்று கேட்கும். மெய்ப்புக்காரிக்கே தப்பிய பிழை.

விண்ணப்பம், கடிதம், பின்னட்டைக்கு நாலு வரி, பதிப்பாளருக்குக் கதைச்சுருக்கம் போன்ற உயிரை எடுக்கும் வேலைகளுக்கும் சரி. பழைய அச்சுப் புத்தகத்தைப் படமெடுத்து எழுத்தாக்கவும் நன்றாகவே உதவுகிறது, சந்திப்பிழை நாலைந்து கூடவே வரும்.

சந்திப்பிழை திருத்துமா?

நம்பி ஒப்படைக்காதீர்கள். ஒற்று மிகும் இடத்தில் எடுத்துவிட்டு, மிகா இடத்தில் போட்டுவிட்டு, கேட்டால் ஒரு இலக்கண விதியும் சொல்லும், அந்த விதியும் பாதி நேரம் கற்பனை. தமிழுக்கென்றே எழுதிய நாவி, வாணி போன்ற திருத்திகள் இந்த வேலைக்கு இன்னும் மேல். சந்தேகத்தைக் கேட்க ஏஐ, தீர்ப்புச் சொல்ல இலக்கணப் புத்தகம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

என் கதையைக் கொடுத்தேன். 'மிக ஆழமான, நெஞ்சைத் தொடும் படைப்பு' என்றது. நம்பலாமா?

அடுத்த வீட்டுக்காரரின் மளிகைப் பட்டியலைக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதையேதான் சொல்லும். பயன்படுத்துகிறவர் மனம் நோகாமல் பேசப் பழக்கியிருக்கிறார்கள். 'இது என் கதை' என்று சொல்லாதீர்கள். 'போட்டிக்கு வந்த கதை, நான் நடுவர், இதை ஏன் நிராகரிக்கலாம்' என்று கேளுங்கள். அப்போது கொஞ்சம் வாய் திறக்கும். அதிலும் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது உங்கள் பாடு. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருக்கிறார். கதை பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் துடைப்புக்கு ஈடான விமர்சனம் எந்தக் கருவியிடமும் எனக்குக் கிடைத்ததில்லை.

நான் எழுதியதைத் திருத்தச் சொன்னேன். என்னைவிட அழகாகத்தானே எழுதுகிறது, அதில் என்ன தப்பு?

காட்பாடியிலிருந்து வரும் கல்லூரிப் பெண் கேட்டது. அவளுக்குப் பதிலாக என் சொந்த வரி ஒன்றைக் காட்டினேன்.

நான் எழுதியது: 'கெயவி கயினிமேல கண்ணு வச்சிக்கினு குந்தினு இருந்தா.'

அது திருத்தித் தந்தது: 'அந்த மூதாட்டி தன் வயலை ஏக்கத்துடன் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். காலம் அவளுக்காக ஒரு கணம் உறைந்து நின்றது.'

பேச்சுவழக்கு போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சேதம் அர்த்தத்தில். அந்தக் கிழவிக்கு ஏக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஆடு மேய வந்துவிடும் என்று காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். கையில் கழியோடு உட்கார்ந்தவளை ஏக்கப் பெருமூச்சு விட வைத்துவிட்டது. கிராமம், கிழவி, நிலம் என்று மூன்றும் சேர்ந்தால் ஏக்கம் வர வேண்டும் என்று அது படித்த கதைகள் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. காலம் உறைந்து நிற்பதும் அப்படித்தான், யார் கதையைக் கொடுத்தாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் காலத்தை உறைய வைத்துவிடும்.

அந்தப் பெண் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 'ஆனா எனக்குச் சொல்லே வரமாட்டேங்குதே அக்கா' என்றாள். நியாயம்தான். ஆங்கில வழியில் படித்து, தமிழில் எழுத ஆசைப்படும் பிள்ளைக்கு முதல் பத்தி எழுதுவதே மலை. அவளுக்கு நான் சொன்னது: முதல் வரைவை நீயே எழுது, தத்துப்பித்தென்று இருக்கட்டும். எந்தச் சொல் வரவில்லையோ அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பத்து மாற்றுக் கேள். பத்தில் ஒன்று பிடிக்கும், அல்லது ஒன்றுமே பிடிக்காமல் பதினொன்றாவதை நீயே கண்டுபிடிப்பாய். பத்தியை முழுசாகக் கொடுத்து வாங்கினால் ஆறு மாதத்தில் உனக்கு அந்த நடை ஒட்டிக்கொள்ளும், அதன் உதவி இல்லாமல் எழுதினாலும் அதைப் போலவே எழுதுவாய். எனக்கே ஒட்டிக்கொண்டது. போன வருடம் எழுதிய ஒரு கட்டுரையை எடுத்துப் பார்த்தால் மூன்று மூன்றாக அடுக்கி வைத்த வாக்கியங்கள். அது என் பழக்கமே கிடையாது.

வேலை போகுமா?

போய்க்கொண்டிருக்கிறது, மூடி மறைப்பானேன். இலக்கியத்துக்கு வரும் ஆபத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். முதலில் அடி விழுந்தது எழுத்தை நம்பிச் சோறு தின்றவர்களுக்கு. எங்கள் அச்சகத்துக்குக் கல்யாண வாழ்த்துமடல் எழுதித் தர ஒரு புலவர் வருவார். மணமக்கள் பேரை வைத்து எண்சீர் விருத்தம், ஒன்றுக்கு 300 ரூபாய். இப்போது மணமகனின் தம்பி போனிலேயே எடுத்துக்கொண்டு வருகிறான், தளை தட்டுகிறது, யாருக்கும் கவலையில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கட்சித் துண்டறிக்கை, கடைத் திறப்பு விழா நோட்டீஸ் எல்லாம் அந்த வழியில்தான் போய்விட்டன. பக்கக் கணக்கில் மொழிபெயர்த்துச் சம்பாதித்தவர்களுக்கு, 'ஏஐ பெயர்த்தது இருக்கிறது, சரிபார்த்துக் கொடுங்கள்' என்று பாதிக் கூலி பேசுகிறார்கள். சரிபார்ப்பது புதிதாகப் பெயர்ப்பதைவிடக் கஷ்டம் என்று எவ்வளவு சொன்னாலும் ஏறாது.

ஹாலிவுட்டில் எழுத்தாளர்களுக்குச் சங்கம் இருந்தது. 2023 மே மாதம் தொடங்கி 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏஐ தருவதற்கு எழுத்தாளர் என்ற இடம் கிடையாது, ஏஐ எழுதியதைத் திருத்தக் கொடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். எங்கள் புலவருக்குச் சங்கம் கிடையாது. அவர் இப்போது ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்காருகிறார். வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் வங்காளிகளோடு போன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசுகிறார். கேலியில்லை, அந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது என்றே சொன்னார்.

ஏஐயை வைத்து எழுதினால் பதிப்புரிமை யாருக்கு?

நம் சட்டம் 1957இல் வந்தது. கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்த மனிதர்தான் ஆசிரியர் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. சாட்ஜிபிடி பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் சேர்த்த வரி அது. ஒரு வரிக் கட்டளை கொடுத்து நூறு பக்கம் வாங்கியவர் 'உருவாகச் செய்தவர்' ஆவாரா என்பதில் வக்கீல்களுக்குள் வாதம் இருக்கிறது. அமெரிக்காவில் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: மனிதர் படைத்த பகுதிக்குத்தான் உரிமை. 2023இல் ஒரு படக்கதைப் புத்தகத்துக்கு எழுத்துக்கும் அமைப்புக்கும் உரிமை கொடுத்துவிட்டு, ஏஐ வரைந்த படங்களுக்குக் கிடையாது என்றது அவர்கள் பதிப்புரிமை அலுவலகம்.

நீங்களே எழுதி, பிழைதிருத்தவோ தகவல் தேடவோ பயன்படுத்தினால் கவலை வேண்டாம். உங்கள் ஆயுளும் அதற்கப்புறம் 60 வருடமும் அது உங்களுடையது, உங்கள் வாரிசுகளுடையது.

என் புத்தகத்தைத் திருடித்தான் அது படித்ததா? நஷ்டஈடு கிடைக்குமா?

ஆந்த்ரோபிக் என்ற நிறுவனத்தின் மேல் அமெரிக்க எழுத்தாளர்கள் வழக்குப் போட்டார்கள். புத்தகங்களைக் கொண்டு பயிற்சி கொடுப்பது நியாயமான பயன்பாடு, ஆனால் திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிச் சேர்த்து வைத்தது நியாயமில்லை என்று 2025 ஜூனில் நீதிபதி சொன்னார். அந்த ஆண்டே 150 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. சுமார் 5 லட்சம் புத்தகம், ஒன்றுக்கு ஏறக்குறைய 3,000 டாலர். உடனே கணக்குப் போடாதீர்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான புத்தகங்களுக்குத்தான் அது. ராணிப்பேட்டையில் 300 பிரதி அடித்த நம் தொகுப்புகளுக்கு அங்கே வரிசை கிடையாது. இந்தியாவில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மேல் 2024 நவம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நமக்கு ஏதாவது வழி பிறந்தால் அந்த மாதிரி வழக்குகளிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அச்சாகாத கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் பொத்தான் பெரும்பாலான கருவிகளில் அமைப்புகள் பகுதியில் இருக்கிறது. தேடி அணைத்து வையுங்கள்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது ஏஐ உதவியைச் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். பத்திரிகைக்காரர்கள் நொந்து போயிருக்கிறார்கள். கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிவியல் புனைகதை இதழ் 2023 பிப்ரவரியில் ஏஐ கதைகள் குவிந்து, கதை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தியது. அமேசான் கிண்டிலில் புத்தகம் ஏற்றும்போது ஏஐ உருவாக்கியதா என்று கேட்பார்கள், உதவிக்கு மட்டும் வைத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் 2023 செப்டம்பரில் ஒரு வரம்பு வைத்தார்கள். மூன்று! மூன்று வருடத்துக்கு ஒன்று எழுதும் எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

ஜப்பானில் ரியே குடான் என்ற எழுத்தாளர் 2024 ஜனவரியில் அகுதாகவா இலக்கியப் பரிசு வாங்கியபோது, நாவலில் ஐந்து சதவீதம் போல சாட்ஜிபிடி எழுதியது என்று அவரே சொன்னார். பெரிய சலசலப்பு. கதையில் ஏஐ பேசும் இடங்களுக்கு அதைப் பயன்படுத்தியதாகப் பின்னால் விளக்கினார். பாத்திரமே இயந்திரம் என்றால் அதன் வசனத்தை அதனிடமே வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இருந்தது.

மாணவர் கட்டுரை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாமா டீச்சர்கள்?

வேண்டாம். ஓப்பன்ஏஐயே தன் கண்டுபிடிப்பான் சரியாக வேலை செய்யவில்லை என்று 2023 ஜூலையில் இழுத்து மூடியது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இந்த மென்பொருள்கள் ஏஐ என்று முத்திரை குத்தின. பிள்ளையைக் கூப்பிட்டு, 'இந்த இரண்டாம் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்' என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தாத்தா காலத்துக் கூத்து நோட்டு இருக்கிறது. ஏஐக்குக் கொடுத்து நூலாக்கலாமா?

ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியாரின் மகன் கேட்டது. கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதற்கு எனக்கே முழுப் பதில் இல்லை.

நோட்டில் விருத்தமும் தரு என்ற கூத்துப் பாட்டும் வசனமுமாக மூன்று பேர் கையெழுத்து. சில பக்கம் பென்சில், சிலது மை கரைந்தது. நாற்பது பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்துப் பார்த்தோம். அச்செழுத்தைப் படிப்பது போல இதை அது படிப்பதில்லை. புரியாத இடத்தை வெறுமனே விடாமல், தனக்குத் தெரிந்த பாட்டை வைத்து நிரப்பிவிடுகிறது. துரியோதனன் படுகளம் என்ற பகுதியில் வாத்தியாரின் அப்பா கட்டிய வரிகள் போய், எங்கேயோ படித்த பாரதம் வந்து உட்கார்ந்திருந்தது. சந்தம்கூட இடறவில்லை. வாத்தியார் பக்கத்தில் இருந்து பாடிக் காட்டியதால்தான் எங்களுக்குத் தெரிந்தது. இல்லையென்றால் அதுவே தாத்தாவின் பாட்டு என்று அச்சாகிப் போயிருக்கும்.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பகுதி நோட்டில் காலியாகவே இருக்கிறது. அது எழுதப்படுவதே இல்லை. எந்த ஊரில் ஆடுகிறார்களோ அந்த ஊர் டீக்கடையில் சாயங்காலம் காதில் விழுந்ததை வைத்து ராத்திரி பேசுவார்கள். மகன் அதற்கும் ஏஐயிடம் நகைச்சுவை கேட்டுப் பார்த்தானாம். அப்பாவிடம் காட்டினானா என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

இப்போதைக்குச் செய்வது இதுதான். முதலில் எல்லாப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவது, அதற்கு எந்த ஏஐயும் வேண்டாம். இரண்டாவது வாத்தியார் பாடப் பாடப் பதிவு செய்வது. அப்புறம் ஏஐ தரும் எழுத்தைப் பதிவோடு வைத்து வரி வரியாக நான் மெய்ப்புப் பார்ப்பது. யார் பேரில் வெளியிடுவது, கூத்துக் குழுவில் மற்றவர்களுக்கு என்ன பங்கு, இணையத்தில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே என்பதையெல்லாம் குழுவே உட்கார்ந்து பேசட்டும் என்றிருக்கிறேன். வாத்தியாருக்கு இப்போது பாரதக் கூத்து சீசன், ராத்திரி ஆட்டம், பகல் தூக்கம். ஆடி கழியட்டும், ஆவணியில் நோட்டை எடுத்துக்கொண்டு வேலூருக்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.